பில்லில் "மதர்போர்டு – 1" என்று மட்டும் போட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்

பாம்பனில் போட்டுகளுக்கு ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட், எக்கோ சவுண்டர் மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாகச் சால்டரிங் பிடித்த கை. அந்தக் கையையே ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். ஊரில் இன்னும் நாலு பையன்கள் அதே கடையில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

தங்கச்சி மகன் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். மாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் 61 நாள் வருமானம் கிடையாது. அதற்கு முன்னால் வாங்கிவிடலாம் என்று தங்கச்சி சீட்டைத் தள்ளி எடுத்து 42,000 ரூபாயை என் கையில் கொடுத்தாள். "நீ பாத்து வாங்குண்ணே, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள். அந்த வார்த்தைதான் இன்னும் குத்துகிறது.

ராம்நாட்டில் ஒரு கடை. வாட்ஸப்பில் கொட்டேஷன் வந்தது: ரைசன் 5 5600ஜி பிராசஸர், அது உட்காரும் ஏ.எம்.4 சாக்கெட் மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4 3200 ராம் (டி.டி.ஆர்.4 என்பது ராமின் தலைமுறை, 3200 அதன் வேகம்), 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கேபினட், எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை. "என்ன போர்டு தம்பி?" என்று போனில் கேட்டேன். "பி550 தாண்ணே, கவலையே படாதீங்க" என்றார். நானும் படவில்லை. பி550 என்பது போர்டில் இருக்கும் சிப்செட்டின் பெயர், போர்டு என்ன ரகம் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மருமகன் முகம் தொங்கிப் போய் நின்றான். "மாமா, யூடியூபில் இதே 5600ஜி-ல சும்மா பறக்குது. நமக்கு வேலரண்ட் கேம்கூடத் திக்குது." சின்னப் பையன் ஆசைக்கு அளவேது என்று முதலில் தட்டிக்கழித்தேன். அவன் விடவில்லை. பெட்டிக்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் சி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். போர்டு பி550 இல்லை, ஏ320. பி550 வந்தது 2020-ல். ஏ320 அதற்கு மூன்று வருஷம் மூத்தது. ராம் 16 ஜி.பி. ஒரே குச்சி, வேகம் 2400. எஸ்.பி.டி. என்ற பக்கத்தில் அது தயாரான வாரமும் வருஷமும் இருந்தது. 2018! புது ராம் என்று வாங்கியது, என் மருமகன் நாலாம் வகுப்புப் படிக்கும்போது செய்தது.

ஒரு குச்சியாக இருந்தால் என்ன, 16 என்றால் 16 தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லாதவர்கள்தான் 5600ஜி வாங்குகிறோம். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, ஆனால் அதற்கென்று சொந்த மெமரி கிடையாது. படம் வரைவதற்கும் ராமைத்தான் கடன் வாங்கும். அதனால் ராமிலிருந்து டேட்டா எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவுதான் கேம் ஓடும். 3200 ராம் இரண்டு குச்சியாக, இரண்டு சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடினால் நொடிக்கு 51.2 ஜி.பி. வரை போகும். எங்களுக்குக் கொடுத்த 2400 ஒற்றைக் குச்சியில் 19.2 தான். பாதிகூட இல்லை.

போர்டைப் பார்க்கலாம் என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. லேன் கேபிள் சொருகும் இடத்துத் தகட்டில் பழுப்புப் புள்ளிகள், பேட்டரி உட்காரும் இடத்தின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரிக் களிம்பு. திருகு ஓட்டையைச் சுற்றி இரண்டு தேய்மான வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் விலகி. ஏற்கெனவே வேறு பெட்டியில் முடுக்கிக் கழற்றிய போர்டு அது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "16 ஜி.பி. கேட்டீங்க, 16 ஜி.பி. கொடுத்திருக்கோம். பில்லைப் பாருங்கண்ணே" என்றார். பார்த்தேன். "மதர்போர்டு – 1, ராம் 16 ஜி.பி. – 1." மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. துருவைக் காட்டினேன். "பாம்பன் காத்துக்கு எந்தப் போர்டுண்ணே தாங்கும்? அதுக்கு வாரண்டி வராது" என்றார். உப்புக்காற்றில் எந்தச் செம்பு எத்தனை மாதத்தில் பச்சையாகும் என்று என்னிடமே பாடம். வீட்டுக்குள் இருபது நாளில் அப்படி ஆகாது, ஐயா. போட்டில் திறந்து கிடக்கிற வயரே அதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

சரி, நீங்கள் வாங்கப் போனால் என்ன செய்வது? முதலில், போர்டின் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சிப்செட் பெயர் மட்டும் போதாது. இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு வரும் எச்610 போர்டில் டி.டி.ஆர்.4 வகையும் உண்டு, டி.டி.ஆர்.5 வகையும் உண்டு. பல போர்டுகளில் பெயரின் வாலில் டி4 என்றோ டி.டி.ஆர்.4 என்றோ ஒட்டியிருப்பதுதான் வித்தியாசம். இரண்டு ராமுக்கும் 288 பின் என்றாலும் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் சொருகவே முடியாது. ஏ.எம்.டி. பிராசஸருக்கான போர்டில் சாக்கெட் ஏ.எம்.4 என்றால் டி.டி.ஆர்.4 மட்டும், ஏ.எம்.5 என்றால் டி.டி.ஆர்.5 மட்டும். 5600ஜி-க்கு பி550கூடத் தேவையில்லை, ஏ520 போதும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. மிச்சமாகும் காசை ராமில் போடலாம். ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போய் ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரம், கடைக்காரர்கள் கை வைப்பதும் அங்கேதான். "8 ஜி.பி. இரண்டு" என்று எழுத்தில் வாங்குங்கள். கடையிலேயே ஆன் செய்து சி.பி.யு-இசட்டில் பாருங்கள். அதில் 3200 ராம் 1600 என்று காட்டும், பாதியாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். அதைவிடக் குறைவாகக் காட்டினால் பயாஸில், அதாவது போர்டின் செட்டிங் பக்கத்தில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற செட்டிங்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்தே போன். கொட்டேஷனில் 3200 என்று இருந்ததால் ராமை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். இரண்டு குச்சியாக வேண்டுமென்றால் 700 ரூபாய் கூட என்றார்கள். கொடுத்துத் தொலைத்தேன். வேலரண்ட் இப்போது திக்காமல் ஓடுகிறது. பி550 என்பதை அவர் வாயால் மட்டும்தானே சொன்னார்? அதனால் போர்டு அதே ஏ320.

தடைக்காலம் முடிந்து கடலுக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை கேட்டார்: "பெட்டி நல்லா ஓடுதா மச்சான்?" ஓடுது என்றேன்.