இரண்டாம் ஞாயிறு, நாலு மணி

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. தகரக் கூரை, இருபது பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றரை வருடமாக முக்கூடலில் இருந்து பஸ் ஏறிப் போய் வருகிறேன். சேரலாமா என்று மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். கண்டிப்பாகச் சேரலாம்.

முதல் முக்கால் மணி நேரம் இங்கே யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. அன்றைய கதையை ஆளுக்கு இரண்டு பக்கமாகச் சத்தம் போட்டு வாசிப்பார்கள். அதனால் வீட்டில் படிக்க நேரம் கிடைக்காதவர்களும் கூச்சப்படாமல் வந்து உட்காரலாம். எனக்கு இது சின்ன வயதிலேயே பழக்கம். அம்மா சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும்போது வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கதையில் ஏதோ நடக்கப் போகிறது என்றால் இலையை உருட்டுகிற விரல் அப்படியே நிற்கும். “ம், மேல வாசிட்டி” என்பாள். மாடியில் முதல் நாள் உட்கார்ந்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

போன மாசிக் கூட்டத்துக்குப் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. அவள் இறந்து போவதில்தான் கதையே தொடங்குகிறது. சென்னையில் ஜவுளிக்கடைச் சம்பளத்தில் அவளோடு குடும்பம் நடத்திய பிரமநாயகம் பிள்ளையின் பாடு அப்புறம்தான் வருகிறது. நான் அதைப் புருஷன் பெண்டாட்டி பாசக் கதையாகவே படித்திருந்தேன். வாசித்து முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு அண்ணாச்சி எழுந்தார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாதவர்.

“நான் டவுண்ல முப்பது வருசம் துணிக்கடையில நின்னவன்” என்றார். பேசிக்கொண்டே வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாக முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது. சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி, தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டதே என்று கேட்டாள். “ஸ்டூல் போட்டிருந்தாங்க தாயி. அதுல சேலைக் கட்டுல்லா உக்காந்திருந்துச்சு.”

பிறகு யாரோ கேட்க, கதையின் ஒரு பகுதியை மறுபடி வாசித்தார்கள். அன்றைக்குத்தான் பிரமநாயகம் பிள்ளையின் கால்கள் எனக்குத் தெரிந்தன. நாளெல்லாம் கடையில் நின்ற காலோடு வந்துதான் அந்த மனுஷர் நோயாளியான செல்லம்மாளுக்குப் பணிவிடை செய்கிறார். பஸ்ஸில் வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வண்ணார்பேட்டையில்தான் அந்தக் காலத்தில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யின் ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கிய வட்டம் கூடியது. அவர் வீட்டில் நண்பர்கள் சேர்ந்து கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ரசித்தார்களாம். அந்த ஊர்ப் பழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆறரைக்கு முடிய வேண்டியது ஏழேகால் ஆகிவிடுகிறது. வெளியூர்ப் பெண்களுக்கு அது சிரமம். அடுத்த கதை எது என்று ஒரு வாரம் முன்னால்தான் சொல்கிறார்கள். இதெல்லாம் போகட்டும். நிறையப் படித்த இரண்டு பேர் புதிதாக வருகிறவர்களைப் பேச்சின் நடுவே திருத்துகிறார்கள். மேலப்பாளையத்தில் இருந்து வந்த ஒரு அக்கா ஒரு நாவலைப் பற்றி அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று குறுக்கிட்டார்கள். “சரி, நீங்களே சொல்லுங்க” என்று உட்கார்ந்தவர் அப்புறம் வரவே இல்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்.

செலவு மாதம் முப்பது ரூபாய். சுக்குக் காபியும் சுண்டலும் அதிலேயே அடக்கம்.

மாடிப்படி செங்குத்து, பிடித்து ஏறக் கம்பி கிடையாது. அம்மாவைக் கூட்டி வர ஆசை, ஆனால் முழங்கால் வலி என்று டீச்சரிடம் சொன்னேன். வருகிற மாதம் கீழே வராந்தாவிலேயே நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு பக்கம் நான் வாசிக்கிறேன்.