அம்மாவுக்கு வீடியோவில் வைத்தியம்: ரகசியம் எங்கே கசிகிறது?

2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல்தான் ஆரம்பித்தோம். அம்மா அருப்புக்கோட்டையில் அண்ணன் வீட்டில், நான் கோவையில். அவருக்குச் சர்க்கரை, பிரஷர், அப்புறம் வயதோடு சேர்ந்து வரும் மற்ற தொந்தரவுகள். அரசின் இலவச ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி, ஒரு தனியார் ஆப், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் வாட்ஸ்அப் வீடியோ என்று மூன்றையும் இத்தனை வருடமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். வைத்தியம் எப்படி, காத்திருப்பு எவ்வளவு என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நோயாளி சொல்லும் விஷயமும் காட்டும் உடம்பும் யார் யார் கைக்குப் போகின்றன என்று மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ அழைப்பை நினைத்து எனக்குப் பெரிய பயம் இல்லை. அழைப்புக்கு முன்னால் நாம் அனுப்பும் படங்கள், முடிந்தபின் நமக்கு வந்து சேரும் ரிப்போர்ட்டுகள், அழைப்பு நடக்கும்போது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காதுகள், இந்த மூன்றும்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை.

வீட்டுக் காதுகளிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் போனை டீப்பாய்மேல் சாய்த்துவைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, ஹாலில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துதான் டாக்டரிடம் பேசுவார்கள். அக்கறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி நடந்த அழைப்புகளில் அம்மா "நல்லாருக்கேன் டாக்டர், சுகர் மட்டும் கொஞ்சம் ஏறுது" என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை. ஒருமுறை நான் ஊரில் இருந்தபோது ஒரு பெண் டாக்டர் வந்தார். பேச ஆரம்பிக்கும் முன்பே கேமராவை மெதுவாகச் சுற்றித் தன் அறையைக் காட்டினார். "என் ரூம்ல யாரும் இல்லம்மா, பாத்துக்கோங்க. உங்க பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். மகனும் மகளும் என்று அம்மா சொன்னதும், "மகனைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லலாமா?" என்றார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனபிறகுதான், குரலைத் தாழ்த்தி, "மறைவிடத்துல அரிப்பு தாங்கலை டாக்டரம்மா, ரொம்ப நாளா இருக்கு" என்று அம்மா சொன்னார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது சகஜம், மருந்து போட்டால் சரியாகிவிடும். வீட்டு ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்ததால் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். அந்த டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, எந்தப் பாதுகாப்புத் தொழில்நுட்பத்தையும்விட அம்மாவுக்கு உதவியது. இப்போது எங்கள் வீட்டில் அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, இயர்போன் போட்டுத்தான் பேசுவார். கூட யார் இருக்க வேண்டும் என்பதும் அவர் முடிவு.

அடுத்தது படங்கள். தோல் பிரச்சினை என்றால் போட்டோ கேட்பார்கள், கேட்டுத்தான் ஆகவேண்டும். மார்புக்கு அடியில் வந்த படையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது போனில் கல்யாணப் போட்டோக்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. தானாக கிளவுடுக்கும் ஏறிவிடுகிறது. அதே போனைப் பேரப்பிள்ளைகள் கேம் விளையாட எடுப்பார்கள். டாக்டரின் போனிலும் இதே கதைதானே? அந்த வகையில் எங்கள் தனியார் ஆப் பரவாயில்லை. ஆப்புக்குள்ளேயே கேமரா இருக்கிறது, அதில் எடுத்த படம் கேலரிக்கு வருவதில்லை. வாட்ஸ்அப் தவிர வேறு வழியில்லை என்றால் அமைப்புகளில் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள், வரும் மருந்துச்சீட்டுகளாவது கேலரியில் கிடக்காது. நீங்கள் எடுத்து அனுப்பிய படத்தை கேலரியிலும் கிளவுடிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் அழைப்பு முழு மறையாக்கம் (பேசும் இரண்டு போன்களைத் தவிர நடுவில் யாராலும் கேட்க முடியாத பூட்டு) உள்ளதுதானே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு: அது வழியில் ஒட்டுக்கேட்பதைத்தான் தடுக்கும். இரண்டு முனையிலும் இருக்கும் போன்களுக்கு அது காவல் இல்லை. அழைப்பை நிறுவனம் பதிவு செய்து சர்வரில் வைத்தால் கதையே வேறு. பிரிட்டனில் பாபிலான் ஹெல்த் என்ற வீடியோ டாக்டர் ஆப்பில் 2020 ஜூனில் நடந்தது அதுதான்: ஒரு பயனர் தன் கணக்கைத் திறந்தால் மற்ற நோயாளிகளின் ஆலோசனை வீடியோக்கள் அங்கே இருந்தன, மென்பொருள் கோளாறு என்றார்கள். அதனால் எந்த ஆப்பிலும் நான் முதலில் கேட்பது "ரெக்கார்டு செய்கிறீர்களா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" என்றுதான். 2020 மார்ச் 25 அன்று வந்த மத்திய அரசின் டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, ஆலோசனை நடந்ததற்கான பதிவு, ரிப்போர்ட்டுகள், மருந்துச்சீட்டு ஆகியவற்றை டாக்டர் பாதுகாத்து வைக்க வேண்டும். அதே ஆவணத்தில் இன்னொரு வரியும் உண்டு: தொழில்நுட்பக் கோளாறாலோ டாக்டர் அல்லாத வேறொருவராலோ ரகசியம் வெளியானதற்கு நியாயமான ஆதாரம் இருந்தால் டாக்டர் பொறுப்பாக மாட்டார். அப்படியானால் ஆப் நிறுவனத்தைத்தான் நாம் பிடிக்கவேண்டும், டாக்டர் நல்லவர் என்பது மட்டும் போதாது.

இப்போது ரிப்போர்ட்டுகள். என் அனுபவத்தில் மிக மோசமான இடம் இதுதான். வீடியோ டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு லேபில் கொடுத்தோம். அங்கிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. பெயர், வயது, சிறுநீரகப் பரிசோதனை எண்கள், எல்லாம் திறந்த பிடிஎஃப், பாஸ்வேர்டு கிடையாது. லேபுக்கு அழைத்தால், "டெலிட் பண்ணிடுங்க மேடம், உங்களுது அனுப்பிடுறோம்" என்றார்கள், அவ்வளவுதான். அம்மாவின் ரிப்போர்ட் யாருக்காவது போயிருக்கிறதா என்று கேட்டேன். லைனில் இருந்த பெண்ணுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் தகவல் சொல்வீர்களா என்றதற்கும் பதில் இல்லை. ஒரு பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு போட என்ன செலவாகிவிடும்? வங்கி ஸ்டேட்மெண்டுக்குப் போடுகிறார்கள், சிறுநீரகத்துக்குப் போடமாட்டார்களாம். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இ-சஞ்சீவனியில் போன் எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்துத்தான் உள்ளே போகவேண்டும், மருந்துச்சீட்டு அங்கேயே கிடைக்கும். அரசே இலவசமாக நடத்துவதால் நம் தகவலை விற்றுப் பிழைக்கும் அவசியம் அங்கே இல்லை என்பது என் எண்ணம். தனியார் ஆப்களில் அந்தக் கேள்வி எப்போதும் உண்டு. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனை நிறுவனம், ரகசியமாக வைப்போம் என்று சொல்லி வாங்கிய தகவல்களை ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றுடன் விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம்சாட்டி, 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. அதைப் படித்த அன்றே எங்கள் ஆப்பின் அனுமதிகளைப் பார்த்தேன். கேமரா, மைக் சரி. தொடர்பு எண்களும் லொக்கேஷனும் எதற்கு? இரண்டையும் மறுத்தேன், அழைப்பு ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. கேமராவுக்கும் மைக்குக்கும் "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 12-ஓ அதற்குப் பிந்தையதோ உள்ள போன்களில் கேமராவோ மைக்கோ ஓடும்போது மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். அழைப்பை வைத்தபிறகு அது போய்விட்டதா என்று பார்க்க அம்மாவுக்கே பழக்கியிருக்கிறேன், இப்போது என்னைவிட அவர்தான் சரியாகப் பார்க்கிறார்.

சட்டம் இருக்கிறதா என்றால், 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அதிலும் முக்கியமான கடமைகள் அமலாக 18 மாதம் அவகாசம். அவை அமலானபின், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு: என்ன தகவல், எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதியை நமக்குத் தரவேண்டும். அதாவது தமிழில் கேட்க நமக்கு உரிமை. அம்மா ஐந்தாறு வருடமாக "ஐ அக்ரீ" என்ற பொத்தானைத் தொட்டுக்கொண்டிருக்கிறார், எதற்குச் சம்மதித்தார் என்று ஒரு வரி அவருக்குத் தெரியாது. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர் அவர்.

தமிழில் அந்த அறிவிப்பைக் கொடுங்கள், அம்மாவின் பழைய படங்களை அழித்துவிட்டு அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள் என்று ஆப்பின் குறைதீர்ப்பு முகவரிக்கு எழுதினேன். படங்களை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. தமிழ் அறிவிப்புக்கு "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். அடுத்த கட்டணத் திட்டத்தைப் புதுப்பிக்கும் முன் மறுபடியும் கேட்டு எழுதப்போகிறேன். லேபை மட்டும் மாற்றிவிட்டோம், புது இடத்தில் ரிப்போர்ட்டை அண்ணன் நேரில் போய்த் தாளில் வாங்கி வருகிறார்.