ஊட்டிக் குளிரில் வறண்ட காலில் வேக்ஸிங்: 7,200 ரூபாய் கொடுத்துத் தோலை உரித்துக்கொண்டேன்

வலது காலில் மருந்து தடவித் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒன்பது நாள் ஆகிறது. இன்று மதியம் அந்தக் கடைக்கு மூன்றாவது முறையாகப் போய், மூன்றாவது முறையாகவும் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை, அடங்கும்வரை காத்திருக்கவும் விருப்பமில்லை. போனது 7,200 ரூபாய். அதன் மேல் டாக்டருக்கும் மருந்துக்கும் இதுவரை 1,350.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊட்டியில் இருக்கும் ஒரு பியூட்டி பார்லர். வெளியூரில் தலைமை அலுவலகம் வைத்து, பெயரை மட்டும் வாடகைக்கு விடும் கம்பெனியின் கிளை. கண்ணாடிக் கதவு, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள், வாசலில் 'குளிர்காலச் சிறப்புச் சலுகை' என்று பேனர். இதே மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருக்கும்.

நான் மதுரைக்காரி. வேலை மாற்றலாகி ஊட்டிக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளியெல்லாம் உறைபனி விழுந்து வெள்ளையாகக் கிடக்கிறது. மழை நின்று மார்கழி பிறந்ததும் காற்றில் ஈரமே இல்லாமல் போய்விடுகிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்து நிற்கிறது. மதுரையில் வருஷம் முழுக்க வியர்த்து வழிந்த எனக்கு இங்கே கை கால் எல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே தோல், வற்றிய கண்மாயில் சேறு வெடித்த மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. தினமும் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் குளித்ததும் ஒரு காரணம் என்று இப்போதுதான் தெரிகிறது. தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அது கழுவி எடுத்துவிடுமாம்.

தை கடைசியில் சித்தி மகள் கல்யாணம், கோவையில். அதற்காகத்தான் வேக்ஸிங் செய்துகொள்ள, அதாவது சூடான மெழுகு தடவி முடியைப் பிடுங்கி எடுக்க, போனேன்.

நான் கேட்காமல் போய் உட்காரவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கால்சட்டையைத் தூக்கிக் காட்டி, "என் தோல் இப்படி வறண்டு செதில் செதிலா இருக்குங்க, இதுல வேக்ஸ் போடலாமா, இல்ல கொஞ்ச நாள் க்ரீம் போட்டுட்டு வரட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டேன். கடையை நடத்துகிற அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கட்டை விரலால் என் முழங்கைக்குக் கீழே மெல்லத் தடவிப் பார்த்தார். "இந்த ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தாங்க. வேக்ஸ் போட்டா இந்தச் செத்த தோலெல்லாம் சேர்ந்து வந்துடும், அப்புறம் பாருங்க, பட்டு மாதிரி இருக்கும். நம்ம பொண்ணு பதினஞ்சு வருஷ அனுபவம். நீங்க என் தங்கச்சி மாதிரி, உங்களுக்குக் கெடுதலா ஒண்ணைச் செய்வேனா?" என்றார்.

தனியாக ஒரு ஊரில் இருக்கிறவளுக்கு 'தங்கச்சி' என்ற அந்தச் சொல் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இஞ்சி டீ வரவழைத்தார். ஊர், வேலை, வீடு எல்லாம் விசாரித்தார். டீ குடித்து முடிப்பதற்குள், ஒரு தடவைக்கு 1,800 ஆகும், ஆறு தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் 7,200தான், இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது என்றார். கணக்குப் போட்டால் லாபமாகத்தான் தெரிந்தது. மேசையில் இருந்த கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 7,200 ரூபாய் அனுப்பினேன். போனில் கடையின் பெயர் வராமல் ஏதோ ஆள் பெயர் வந்தது. "நம்ம வீட்டுக்காரர்தாங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பில் கேட்டதற்கு ஆறு கட்டம் போட்ட ரோஸ் நிற அட்டை ஒன்றைக் கொடுத்து, முதல் கட்டத்தில் முத்திரை குத்தினார். ஒரு நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

பதினைந்து வருஷ அனுபவம் என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பாவம், அவள் மேல் எனக்கு முழுக் கோபம் இல்லை. உள்ளறையில் ரூம் ஹீட்டர் கிடையாது. காலை பத்து மணி, கீழே டைல்ஸ் ஐஸ் மாதிரி. கால்சட்டையைக் கழற்றியதும் எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து தோல் இறுகிப்போனது. அந்த நிலையில் முடியைப் பிடுங்கினால் வலி இரண்டு மடங்கு.

மூலையில் வேக்ஸ் ஹீட்டர். அவள் கத்தியால் எடுத்துத் தடவினாள். அது தேங்காய் எண்ணெய் கதைதான். ஹீட்டரை விட்டு வெளியே வந்த நிமிஷமே கெட்டியாகிவிட்டது. மெல்லிசாகப் பரவவில்லை, திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது. துணிப் பட்டையை வைத்து இழுத்தால் பாதி வேக்ஸ் காலிலேயே நின்றது. முடி வேரோடு வராமல் நடுவில் அறுந்தது. அதனால் அதே இடத்தில் மறுபடி, மூன்றாவது முறை மறுபடி. "அக்கா, கொஞ்சம் இறுகுது" என்று சொல்லி ஹீட்டரின் குமிழைக் கடைசிவரை திருகினாள். அடுத்து எடுத்தது கொதிக்கிற பாகு. கையின் உள்பக்கம் பட்டதும் நான் அலறினேன். "சூடு நல்லதுக்கா, முடி ஈஸியா வரும்" என்றாள்.

நாலாவது இழுப்பில் வலது கால் முன்னெலும்பு ஓரத்தில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று இடத்தில் தோல் இல்லை. சிவப்பாக, பளபளவென்று, ஈரமாக இருந்தது. "நார்மல்தான்க்கா, செத்த தோல் வந்திருக்கு" என்றாள். வாசனை போட்ட ஏதோ பச்சை ஜெல்லை அதன் மேலேயே அப்பினாள். எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடது காலைத் தொட விடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு படுத்தேன். இல்லாவிட்டால் தூங்க முடியாத குளிர். விடியற்காலையில் கம்பளி நூல் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு விட்டு நனைத்து எடுக்க அரைமணி நேரம் ஆனது. கையில் சூடு பட்ட இடம் கொப்புளமாகியிருந்தது.

தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு வறண்ட தோல்ல போட்டாங்களா?" என்பதுதான். அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். பட்டை வைத்து இழுக்கிற வகை வேக்ஸ் முடியை மட்டும் பிடிக்காது, தோலின் மேலடுக்கையும் பிடிக்கும். சாதாரணமாக இருக்கிற தோலில் உதிரத் தயாரான மெல்லிய படலம் மட்டும் வரும், அதனால் ஒன்றுமில்லை. குளிரில் காய்ந்து வெடித்த தோலில் அந்த மேலடுக்கு ஏற்கனவே விரிசல் விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேக்ஸ் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கிற உயிருள்ள தோலையும் சேர்த்து உரித்துவிடும். செத்த தோல் என்று அவர்கள் சொன்னது என் உயிர்த்தோல். நடுவில் அறுந்த முடிகள் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளம் போடவும் வாய்ப்பு இருக்கிறதாம். புண் ஆறினாலும் கருமை மறைய மாதக்கணக்கில் ஆகலாம், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முகத்துக்கு ரெட்டினால் க்ரீம் போடுகிறீர்களா, முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். அவை தோலை மெலிதாக்குமாம். பார்லரில் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்த ஒருத்தர் அன்று என் காலைப் பார்த்திருந்தால், பத்து நாள் மாய்ஸ்ச்சரைசர் போட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பார். நானே அதைத்தான் கேட்டேன். அந்த அம்மாவுக்கு அன்றைக்கே 7,200 ரூபாய் வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் இதைவிடக் கேவலம். முதல் நாள் போன் செய்தேன். "ரெண்டு நாள் பாருங்க, தானா சரியாயிடும்." இரண்டு நாள் கழித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். "உங்க தோலு சென்ஸிட்டிவ்ங்க, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்." சொன்னேனே, காலைத் தூக்கிக் காட்டினேனே! "அப்போ வீட்டுக்குப் போய் சுடுதண்ணி ஊத்தியிருப்பீங்க." இரண்டாவது முறை போனபோது அம்மா கோவைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். உள்ளறையிலிருந்து அவர் பேசுகிற குரல் எனக்குக் கேட்டது. அந்த நோட்டை எடுத்துக் காட்டினார்கள். பக்கத்தின் மேலே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: தோல் பிரச்சினை எதுவும் இல்லை என்று வாடிக்கையாளர் உறுதி சொல்கிறாராம். கீழே என் கையெழுத்து.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தால், கிளைதான் பொறுப்பு என்றார்கள். விடாமல் கேட்டதும், எங்கள் கணக்குக்கு உங்களிடமிருந்து பணமே வரவில்லையே, பில் நம்பர் சொல்லுங்கள் என்றார்கள். 7,200 ரூபாய் வீட்டுக்காரர் கணக்குக்குப் போயிருக்கிறது, என் கையில் ஒரு ரோஸ் அட்டை இருக்கிறது. அவ்வளவுதான்.

இன்று மதியம் அந்த அம்மாவே இருந்தார். மீதி ஐந்து தடவைக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "ரீஃபண்ட் எல்லாம் கிடையாதுங்க. வேணும்னா ஃபேஷியலா மாத்தித் தரேன்" என்றார். என் முகத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டுமாம். அப்போது பக்கத்து நாற்காலியில் ஒரு கல்யாணப் பொண்ணும் அவளுடைய அம்மாவும். மாசியில் முகூர்த்தம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இஞ்சி டீ. பொண்ணின் அம்மா பர்ஸைத் திறந்து ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பொண்ணின் கையும் என் கை மாதிரியே சாம்பல் பூத்துக் கிடந்தது. நான் கட்டைப் பிரித்து என் காலைக் காட்டினேன். "கஸ்டமரைக் கெடுக்காதீங்க, வெளியே போங்க" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அந்தப் பொண்ணு என்ன செய்தாள் என்று தெரியவில்லை. அதற்காகத்தான் நாளைக்குத் தள்ளாமல் இன்றே எழுதுகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் வெடித்து, செதிலாக இருந்தால் வேக்ஸ் வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் பத்து நாள் காலையும் இரவும் க்ரீம் போட்டு, மென்மையான பிறகு போங்கள். போகிற அன்று மட்டும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, வேக்ஸ் பிடிக்காது. அறை குளிராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் மணிக்கட்டில் ஒரு துளி சூடு பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இழுக்க விடாதீர்கள். ரெட்டினால், முகப்பரு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

பணம் மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆள் பெயர் வருகிற கியூஆரில் அனுப்பாதீர்கள். பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சாயங்காலம் அதற்குப் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. டாக்டர் சீட்டு, போட்டோ, வாட்ஸ்அப், ரோஸ் அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் தை மாசியில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அந்தப் பொண்ணு பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.