ஆம்ஃபிகாரைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும்

சாலையிலும் தண்ணீரிலும் ஓடும் பழைய கார் ஆம்ஃபிகார் 770. அதைத் தேடுபவர்களுக்கு அமெரிக்காவில் இடங்கள் உண்டு. நாஷ்வில் லேன் மோட்டார் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் பண்ணையில் அவர் ஓட்டிய நீல வண்டியே நிற்கிறது. ஆனால் ஏறி உட்கார்ந்து ஏரிக்குள் இறங்கிப் பார்க்க ஆசையா? ஃபுளோரிடாவில் டிஸ்னி ஸ்பிரிங்ஸில் இருக்கும் ‘தி போட்ஹவுஸ்’ உணவகத்துக்குப் போங்கள். 2015-ல் திறந்த கடை. உள்ளே சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாங்கள் நேரே படகுத்துறைக்குப் போய்ப் பெயர் கொடுத்தோம்.

கட்டணம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. நாங்கள் போனபோது 125 டாலர், சவாரி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. தனியாளுக்கு இது பெரிய தொகை. மகள், பேரன், நான் என்று மூன்று பேர் ஏறியதால் மனசு ஒத்துக்கொண்டது.

ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு வண்டி ரிப்பேர். அதனால் ஏறுவதற்கு முன்னால் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கூரையை மடக்கி வைக்கும் நாலு சீட் கன்வெர்டிபிள். பின்பக்கம் மீன் துடுப்பு போல இரண்டு மேடு. அதற்குக் கீழே, பம்பருக்கு அடியில், இரண்டு சின்ன நைலான் புரொப்பெல்லர்கள். வண்டியை ஓட்டுபவரை அங்கே கேப்டன் என்கிறார்கள். கேப்டன் கதவைச் சாத்தினார். அப்புறம் கதவிலேயே இருக்கும் இன்னொரு கைப்பிடியை அழுத்தித் திருப்பினார். கதவு உள்ளே இழுபட்டு ரப்பர் பட்டையோடு இறுகியது. கதவின் அடிப்பாகம் ஏரியில் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும் என்பதால் அந்தக் கைப்பிடியை நம்பித்தான் மொத்தப் பயணமும். அதையும் மீறித் தண்ணீர் கசிந்தால் வெளியேற்ற ஒரு பம்ப் வைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் இருப்பது பிரிட்டிஷ் காரான டிரையம்ஃப் ஹெரால்டின் 1147 சிசி எஞ்சின். நம் சென்னையில் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இருந்த 948 சிசி எஞ்சினுக்கு இது அண்ணன். பெரியப்பா வைத்திருந்த ஹெரால்டின் எஞ்சினில் டாப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிபார்த்துத்தான் நான் தொழிலே பழகினேன். அந்தத் தடதடப்பு எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். ஜெர்மனியில் செய்த ஒரு வண்டியின் முதுகில், ஃபுளோரிடா ஏரிக்கரையில் அதைக் கேட்டபோது பேச்சு வரவில்லை.

சரிவில் இறங்கும் அந்த சில நொடிகளுக்காகவே காசு கொடுக்கலாம். கேப்டன் பிரேக் போடவே இல்லை. மூக்கு தண்ணீரில் குத்தியது, இரண்டு பக்கமும் அலை எழுந்தது, பேரன் “தாத்தா, முழுகுறோம்!” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். அடுத்த நொடி வண்டி மிதந்து சமநிலைக்கு வந்துவிட்டது. சக்கரங்களுக்கு ஒரு கியர் லீவர், புரொப்பெல்லருக்கு இன்னொன்று. கேப்டன் இரண்டாவதைத் தள்ளினார். ஏரிக்குள் அதே ஸ்டியரிங்தான், அதே முன்சக்கரங்கள்தான் சுக்கானாக வேலை செய்கின்றன. திருப்பினால் உடனே கேட்காது. யோசித்து, மெதுவாகத் திரும்பும். பெயரில் இருக்கும் 770-க்கு விளக்கமும் கேப்டனே சொன்னார்: தண்ணீரில் 7 நாட் (மணிக்குச் சுமார் 8 மைல்), சாலையில் மணிக்கு 70 மைல் வேகம். 43 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் செய்வது சாதாரண விஷயம் இல்லை.

லிண்டன் ஜான்சன் கதையைக் கேப்டன் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அமெரிக்க ஜனாதிபதி, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பண்ணைச் சரிவில் ஓட்டுவாராம். “பிரேக் பிடிக்கவில்லை!” என்று கத்தியபடி நேரே நீருக்குள் விடுவாராம். வந்தவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஹான்ஸ் டிரிப்பெல் வடிவமைத்த வண்டி இது. 1961-ல் நியூயார்க் கார் கண்காட்சியில் அறிமுகமானது. வருடத்துக்கு 20,000 விற்கும் என்று நினைத்தார்கள். 1965-ல் உற்பத்தி நின்றபோது மொத்தமே 3,878 வண்டிகள்தான் வெளியே வந்திருந்தன. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் வந்தது. 1968-ல் இங்கே புதிய விதிகள் வந்ததும் அந்தச் சந்தையும் மூடிக்கொண்டது.

மிச்சம் இருப்பவை எப்படிப் பிழைத்தன என்பதுதான் என்னை அதிகம் இழுக்கிற விஷயம். உடம்பு முழுக்க இரும்புத் தகடு. கடலில் இறக்கியவர்களின் வண்டிகள் பல துருவேறிப் போயின. நன்னீர் ஏரியில் ஓடினாலும் விடாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். தண்ணீரில் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு முறை என்பது கம்பெனி கணக்கு. 13 இடங்களில் அடிக்க வேண்டும், அதில் ஒன்றுக்குப் பின்சீட்டையே கழற்ற வேண்டும். பொறுமை இல்லாதவன் கையில் இந்த வண்டி ரொம்ப நாள் தாங்காது. நல்ல நிலையில் ஓர் ஆம்ஃபிகாரைப் பார்த்தால், அதற்குப் பின்னால் கையெல்லாம் கிரீஸோடு ஒருவர் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மியூசியத்தில் பளபளப்பு தெரியும், இது தெரியாது. போட்ஹவுஸில் வண்டிகள் நாள்தோறும் ஏரியில் இறங்குகின்றன. அப்படி ஓட்டியும் கதவு இறுகுகிறது, பெயின்ட் நன்றாக இருக்கிறது, எஞ்சின் சத்தத்தில் பிசிறு இல்லை. பராமரிப்புக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கரையேறுவதையும் கவனியுங்கள். முன்சக்கரம் சரிவைத் தொட்டதும் கேப்டன் முதல் கியரைப் போடுகிறார். புரொப்பெல்லர் பின்னாலிருந்து தள்ள, பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்க, அடியெல்லாம் நீர் ஒழுகியபடி வண்டி மேலே வருகிறது. துறையில் நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், லீவர்கள் இரண்டும் கண்ணெதிரே இருக்கும். எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்பவர்கள் பின்சீட்டில் உட்காரலாம். ஃபுளோரிடாவில் கோடை மதியம் இடி மழை வழக்கம் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஒரு வண்டி போதாது, கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை மாதம் ஒஹையோவில் செலினா ஊருக்குப் போக வேண்டும். ஆம்ஃபிகார் வைத்திருப்பவர்கள் அங்கே கிராண்ட் லேக் செயின்ட் மேரிஸ் ஏரியில் வருடா வருடம் கூடுகிறார்கள். மருமகனிடம் இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.