வீட்டையும் கூட இழுத்துக்கொண்டு போக வேண்டுமா? யூட்டா பூங்காக்களில் ஆர்.வி., மோட்டல், டென்ட்

அமெரிக்காவில் தெற்கு யூட்டாவின் தேசியப் பூங்காக்களுக்கு நானும் கணவரும் மூன்று தடவை போய்விட்டோம். ஒரே ஊருக்கு எதற்கு மூன்று தடவை என்று அம்மா ஃபோனில் கேட்டார், பாறைதானே என்றார். முதல் தடவை கார் எடுத்து மோட்டல்களில் தங்கினோம், அடுத்த தடவை ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி), போன மே மாதம் காரும் டென்டும். மூன்று தடவையும் டல்லாஸிலிருந்து விமானத்தில் லாஸ் வேகஸ் போய் அங்கே வண்டி எடுத்தோம். இப்போது நண்பர்கள் யார் யூட்டா பேச்சை எடுத்தாலும் கேட்கும் முதல் கேள்வி, ஆர்.வி. எடுக்கலாமா என்பதுதான். படங்களில் பார்க்க அது அவ்வளவு அழகாக இருக்கிறது, நாங்களும் அப்படித்தான் மயங்கினோம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டே பேர், முழங்கால் நன்றாக இருக்கிறது, போவது மே அல்லது செப்டம்பர் என்றால் காரும் டென்டும்.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேகஸிலிருந்து முதல் பூங்காவான ஸையன் சுமார் 160 மைல், இரண்டரை மணி நேரம், அதோடு யூட்டா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். அங்கிருந்து பிரைஸ் கேன்யன், பிறகு 12ஆம் எண் சாலையில் கேப்பிட்டல் ரீஃப், கடைசியாக மோவாப் ஊர்ப் பக்கம் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ். ஐந்து பூங்காக்களுக்கும் சேர்த்து 80 டாலர் வருட பாஸ் ஒன்று போதும், அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு.

செலவை நீட்டி முழக்கப் போவதில்லை. டென்ட்தான் மலிவு, இதைச் சொல்ல நான் தேவையில்லை. கேம்ப்கிரவுண்டில், அதாவது டென்ட் அடிக்கவோ ஆர்.வி. நிறுத்தவோ விடும் இடத்தில், ஓர் இரவுக்கு 25, 35 டாலர் கொடுத்தோம். மோவாபிலும் ஸையன் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலிலும் சீசனில் மோட்டல் அறை 200 டாலரைத் தாண்டியது. ஆர்.வி. வாடகை மோட்டலைவிடக் குறைவு மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் ஓடும் மைலுக்குத் தனிக் காசு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்குத் தனிக் காசு, போர்வைக்கும் பாத்திரத்துக்கும் தனிக் காசு, கேலனுக்கு 8, 9 மைல்தான் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல். எல்லாம் கூட்டினால் காரும் மோட்டலும் ஆன செலவுக்கே வந்து நின்றது.

மோட்டலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வெந்நீர் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, தலைக்குக் குளித்துவிட்டு ஏ.சி.யில் தூங்கலாம். ஆனால் இரவில் பூங்காவை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். கேன்யன்லேண்ட்ஸில் மேசா ஆர்ச் என்ற கல் வளைவில் சூரியன் உதிப்பதைப் பார்க்க மோவாபிலிருந்து முக்கால் மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டும். நாங்கள் அலாரத்தை இரண்டு நாள் அணைத்துவிட்டுத் தூங்கினோம், மூன்றாம் நாள் போனபோது வெயில் ஏறியிருந்தது. நட்சத்திரமும் அப்படித்தான். இந்த ஐந்து பூங்காக்களுமே இருண்ட வானப் பூங்கா என்று சர்வதேச அங்கீகாரம் பெற்றவை, ஆனால் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தியபின் யார் மறுபடி கிளம்புவது? பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஸையன் லாட்ஜ், பிரைஸ் கேன்யன் லாட்ஜ் கிடைத்தால் இந்தக் குறை இருக்காது. எங்களுக்கு ஒரு தடவையும் கிடைக்கவில்லை, அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு அருகதை இல்லை.

சரி, ஆர்.வி. முதல் இரண்டு நாள் நான் அதைக் காதலித்தேன் என்றே சொல்லலாம். ஸையனில் வாட்ச்மன் கேம்ப்கிரவுண்ட், கதவைத் திறந்தால் செம்மலை, உள்ளே ஃபிரிட்ஜில் தயிர், நடு இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு பாத்ரூம் தேட வேண்டாம். அங்கே பள்ளத்தாக்குச் சாலையில் சீசன் முழுக்கப் பூங்கா பஸ்தான், சொந்த வண்டி கூடாது. அதனால் ஆர்.வி.யை நிறுத்திவிட்டு நடந்து போய் பஸ் பிடித்தோம், வண்டி பெரிதா சிறிதா என்ற நினைப்பே வரவில்லை. பிரைஸிலும் பஸ் இருக்கிறது, அங்கேயும் பிழைத்தோம்.

மூன்றாம் நாள் கேப்பிட்டல் ரீஃபில் பஸ் கிடையாது. ஆர்ச்சஸில் கிடையாது, கேன்யன்லேண்ட்ஸில் கிடையாது. அங்கேதான் எங்களுக்கு உறைத்தது: ஆர்.வி. எடுத்தால் ஒவ்வொரு டிரெயில் நடைபாதைக்கும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. காலையில் எழுந்தால் படுக்கையை மடி, அலமாரிகளுக்குத் தாழ் போடு, அடுப்பு மேல் இருக்கும் பாத்திரத்தை எடுத்து உள்ளே வை, கேஸை மூடு, படியை மடக்கு, ஏதாவது உருளுமா என்று ஒரு சுற்று பார், பிறகு கிளம்பு. இவர் வெளியே நின்று கை காட்டுவார், நான் ரிவர்ஸ் எடுப்பேன், "இடது, இடது, ஐயோ என் இடது" என்று கத்துவார். சாயங்காலம் திரும்பி வந்து மேடு பள்ளம் பார்த்துச் சமமாக நிறுத்துவதற்குள் தேர் நிலைக்கு வந்த மாதிரி இருக்கும். இருபத்தைந்து அடி வண்டிக்கே இந்தப் பாடு, அதைவிட நீளமானதை எப்படித்தான் ஓட்டுகிறார்களோ.

ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச்சுக்கு ஏறும் இடத்துக்கு ஒன்பது மணிக்குப் போனோம். நீள வண்டிகளுக்கு என்று இருந்த சில இடங்களும் நிறைந்திருந்தன. கார்காரர்கள் ஓரங்களில் ஒண்டிக்கொண்டார்கள், நாங்கள் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினோம். கேப்பிட்டல் ரீஃபில் கிராண்ட் வாஷுக்கு மண் சாலை, வாடகை ஒப்பந்தத்தில் மண் சாலை கூடாது என்று இருந்தது. ஹிக்மன் பிரிட்ஜ் போகும் இடத்தில் பார்க்கிங் கையகலம்தான். ஆர்.வி.யில் பார்க்காமல் விட்ட இடங்களைப் பட்டியல் போட்டால் அதுதான் எங்கள் மூன்றாவது பயணத்தின் திட்டம்.

சாலைகளையும் சொல்ல வேண்டும். ஸையனிலிருந்து கிழக்கே போகும் மவுண்ட் கார்மல் சுரங்கம் 1930ல் கட்டி முடித்தது, 1.1 மைல் நீளம், அந்தக் காலத்து வண்டிகளுக்குச் செய்த அளவு. உயரம் 11 அடி 4 அங்குலம் அல்லது அகலம் 7 அடி 10 அங்குலம் வந்துவிட்டால் எதிர்ப் பக்கத்தை நிறுத்தி நடுவில் ஓட்ட விட்டார்கள், அதற்கு 15 டாலர் வாங்கினார்கள். நாங்கள் அப்படித்தான் போனோம், மன்னர் பவனி மாதிரி. ஆனால் 2026 நடுவிலிருந்து அந்த அளவு வண்டிகளுக்கு அந்த வழியே இல்லை, சுற்றித்தான் போக வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. ஆகவே ஆர்.வி. எடுப்பவர்கள் ஸையனிலிருந்து பிரைஸ் போகும் வழியை முதலில் பாருங்கள். 12ஆம் எண் சாலையில் எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்று ஓர் இடம், மலையின் முதுகெலும்பு மேலேயே சாலை, இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புச்சுவர் இல்லை. காரில் போனால் இந்தப் பயணத்திலேயே அழகான சாலை அதுதான். ஆர்.வி.யில் போனபோது நான் ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பார்க்கவில்லை, பின்னால் டம்ளர்கள் கிணுகிணுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வது பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கையுறை போட்டுக்கொண்டால் பத்து நிமிடம். எனக்குப் பெரிய வருத்தம் வேறு. ஆர்.வி.க்குள் கடுகு தாளித்தேன், புகை அலாரம் கேம்ப்கிரவுண்டையே எழுப்பிவிட்டது. அதற்குப் பிறகு வெளியே சின்ன ஸ்டவ் வாங்கித்தான் சமைத்தோம். அப்போதுதான் இவர் கேட்டார், "வெளியே சமைக்கிறோம், வெளியே உட்காருகிறோம், இந்த வீடு எதுக்கு?"

அந்தக் கேள்வியில்தான் டென்ட் வந்தது.

டென்ட், ஸ்லீப்பிங் பேக், காற்றடைக்கும் மெத்தை எல்லாம் இரண்டு சூட்கேஸுக்குள் அடங்கிவிட்டன. ஸ்டவ்வுக்கான கேஸ் சிலிண்டரை விமானத்தில் விட மாட்டார்கள், வேகஸில் இறங்கி வாங்கிக்கொண்டோம். சின்ன எஸ்.யு.வி. ஒன்று. ஆர்ச்சஸுக்குள் டெவில்ஸ் கார்டன் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்தது, வாசலிலிருந்து 18 மைல் உள்ளே, சாலை முடியும் இடம். காலை ஐந்தரைக்கு டென்டின் ஜிப்பைத் திறந்து செருப்பை மாட்டினால் ஆயிற்று. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு நடந்தே போனோம், அந்த நீளக் கல் வில்லின் எதிரே எங்களைத் தவிர யாரும் இல்லை. திரும்பி வந்து காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஊரிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. டெலிகேட் ஆர்ச்சுக்கு மறுநாள் இருட்டிலேயே கிளம்பினோம். டென்ட் அங்கேயே நின்றது, உள்ளே படுக்கை விரித்தபடியே கிடந்தது, காரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். ஆர்.வி.யும் இதே கேம்ப்கிரவுண்டில்தான் நின்றிருக்கும், தூரம் ஒன்றுதான், ஆனால் அதில் கிளம்புவது என்பது வீடு காலி செய்வது. மோட்டலில் கிளம்புவது சுலபம், ஆனால் தூரம். படுக்கை பூங்காவுக்குள்ளேயே இருக்க வேண்டும், அதை விட்டுவிட்டும் போக வேண்டும், இரண்டும் சேர்ந்து வருவது டென்டில் மட்டும்தான். மற்ற எல்லா லாப நஷ்டமும் எனக்கு இதற்குப் பின்னால்தான்.

கேப்பிட்டல் ரீஃபின் ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்ட் இன்னொரு சுகம். மார்மன் மதத்துக் குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பழ சீசனில் தோட்டத்துக்குள் நின்றபடி பறித்துத் தின்ன காசு வேண்டாம், வெளியே எடுத்துப் போகத்தான் காசு. நாங்கள் போனது மே என்பதால் பச்சைக் காய்தான், அங்கே இருக்கும் கிஃபர்ட் ஹவுஸ் கடையில் பழ பை (pie) வாங்கித் தின்று ஆற்றிக்கொண்டோம். கோஹாப் கேன்யன் ஏறும் பாதை கேம்ப்கிரவுண்டுக்கு எதிரிலேயே ஆரம்பிக்கிறது. இங்கே குக்கரில் பருப்பு வைத்து மூன்று விசில் விட்டேன், பக்கத்து டென்ட்காரர் ஓடி வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார், கடைசியில் அவருக்கும் ரசம் சாதம்.

கஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். இந்த கேம்ப்கிரவுண்டுகளில் குளியலறை கிடையாது, ஊருக்குள் காசு கொடுத்துத்தான் குளிக்க வேண்டும், நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் தலைக்குக் குளித்தேன். மோவாபில் ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் எங்கள் மலிவு டென்டின் ஒரு கம்பி முறிந்தது. மணல் இன்னும் ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து கொட்டுகிறது. பிரைஸ் 8,000 அடிக்கு மேலே, மே மாதத்திலேயே இரவில் உறைநிலைக்குக் கீழே போனது, பாட்டில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. அங்கே இரண்டாம் இரவு சத்தமில்லாமல் மோட்டலுக்கு மாறினோம், இதை நண்பர்களிடம் சொன்னதில்லை.

இடம் பிடிப்பதும் ஒரு வேலை. ஆர்ச்சஸ், ஃப்ரூட்டா, வாட்ச்மன் மூன்றுக்கும் ஆறு மாதம் முன்னால் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு திறக்கும், கிழக்குக் கடற்கரை நேரம் காலை 10 மணி, எங்களுக்கு 9. அந்த நிமிடத்தில் இரண்டு பேரும் இரண்டு லேப்டாப்பில் உட்கார வேண்டும். கேன்யன்லேண்ட்ஸின் வில்லோ ஃப்ளாட்டில் முன்பதிவே இல்லை, மொத்தம் 12 இடம், தண்ணீரும் கிடையாது, நாங்கள் காலையிலேயே போய் ஒன்றைப் பிடித்தோம். மேசா ஆர்ச்சின் சூரிய உதயம் அப்படித்தான் கடைசியில் கிடைத்தது.

டென்ட் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஜூலையில் மோவாபில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், அந்த வெயிலில் டென்டில் நான் தூங்கிப் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. யெல்லோஸ்டோன் நாங்கள் இன்னும் போகவில்லை. அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடத்தில் கரடி நடமாட்டத்தால் டென்டே கூடாது, கெட்டிச் சுவர் வண்டிகள் மட்டும்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் ஆர்.வி. தேவலை என்று தோன்றுகிறது, வண்டிக்குள்ளேயே பாத்ரூம் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் எங்களுக்குக் குழந்தை இல்லை, ஊகம்தான்.

அடுத்து வரும் செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள், பாறைதானே என்று சொன்னவருக்கு இப்போது பார்க்க ஆசை வந்துவிட்டது. 2026 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல், வருட பாஸ் வேண்டுமென்றால் 250. ஸையனும் பிரைஸும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, மற்ற மூன்றும் இல்லை. அதனால் ஃப்ரூட்டாவில்தான் அதிக நாள் என்று முடிவு, ஆப்பிளும் பழுத்திருக்கும். அம்மாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது, ஆகவே அவர்களுக்குப் பக்கத்து ஊரான டோரியில் மோட்டல், எங்களுக்கு டென்ட். காலையில் 11 மைல் ஓட்டிப் போய் அவர்களை யார் அழைத்து வருவது என்பதில் மட்டும் எனக்கும் இவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.