'சீனிக்' என்ற ஒரு சொல்லும் ஓர் ஆங்கிலம்–உருது அகராதிச் செயலியும்

உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவர் என்னிடம் ஆங்கிலம் படிக்கிறார். போன மாதம் அவர் எழுதிக் காட்டிய பத்தியில், மணப்பெண் மிகவும் 'சீனிக்' ஆக இருந்தாள் என்று ஒரு வரி. காட்சியழகு மிக்க இடத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல் (scenic) அது. இதை எங்கே பிடித்தீர்கள் பாய் என்று கேட்டேன். கைபேசியை நீட்டினார். அவருடைய அகராதிச் செயலியில் அந்தச் சொல்லைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது 'கூப்சூரத்'. அழகான, அவ்வளவுதான். அவர் மேல் என்ன தப்பு?

அன்றே நானும் அதை இறக்கிக்கொண்டேன். இணையம் இல்லாமல் வேலை செய்கிறது, உச்சரிப்பு ஒலி தெளிவு. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டாவது எழுத்தாக வரும் 'சி' (c) ஒலிக்காது என்பது அந்த ஒலியைக் கேட்டாலே பிடிபட்டுவிடும். ஆனால் அதையே உருது எழுத்தில் காட்டும் இடத்தில் சறுக்குகிறது. உருதுவில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. 'சீனிக்' என்பதை வெறுமனே எழுதினால், ஒத்தடத்தைக் குறிக்கும் 'சேங்க்' என்றும் படிக்கலாம், துடைப்பக் குச்சியைச் சொல்லும் 'சீங்க்' என்றும் படிக்கலாம். 'ன' ஒலிக்கான நூன் எழுத்தின் கீழே, குறில் 'இ'யைக் காட்டும் ஸேர் குறி ஒன்று போட்டிருந்தால் போதும். கற்பவர்களுக்கான செயலியில் அந்தச் சின்னக் கோட்டை விடக் கூடாது.

பொருள் பகுதிக்கு வருகிறேன், என் மனக்குறை அங்கேதான். கூப்சூரத் பெண்ணுக்கும் வரும், சட்டைக்கும் வரும். இரண்டாவதாகத் தந்திருக்கும் 'தில்கஷ்' உள்ளத்தை இழுப்பது. குரலுக்கும் புன்னகைக்கும்கூடப் பொருந்தும். சீனிக் அப்படிப் போகாது. இடம், சாலை, பயணம் இவற்றோடுதான் சேரும். மலைப்பாதை சீனிக், கடலோர ரயில் பயணம் சீனிக். சுற்று வழியானாலும் காட்சிக்காகவே போகும் பாதையைச் சீனிக் ரூட் என்பார்கள். இந்தச் சேர்க்கைகளில் ஒன்றுகூட செயலியில் இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியமும் இல்லை.

இத்தனைக்கும் உருதுவிலேயே நல்ல வழி இருக்கிறது. 'குத்ரதீ மனாஸிர் ஸே பர்பூர்', இயற்கைக் காட்சிகள் நிறைந்த என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். மனாஸிர் என்பது மன்ஸரின் பன்மை. மன்ஸர் பிறந்தது பார்வையைக் குறிக்கும் நஸரின் அதே வேரிலிருந்து. நாம் காண் என்பதிலிருந்து காட்சி என்கிறோமே, அதே போக்கு. ஆங்கிலச் சொல்லோ கிரேக்க நாடக மேடையின் 'ஸ்கேனே'யிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. முதலில் மேடை சார்ந்தது என்றே பொருள், இயற்கைக் காட்சி பிறகு வந்தது. நண்பரிடம் இதைச் சொன்னதும், "அப்படியென்றால் எதிரே விரிந்து கிடக்க வேண்டும், நாம் நின்று பார்க்க வேண்டும்" என்றார். செயலி தராத விளக்கம் அது. அப்புறம் அவரே 'புர்ஃபஸா' என்ற சொல்லை நினைவுபடுத்தினார். மலைவாசத்தலங்களுக்கு உருதுவில் சொல்வது. அருமையான சொல், ஆனால் அதில் திறந்தவெளியும் காற்றும் சேர்ந்து வரும்; சீனிக் கண்ணோடு நின்றுவிடும்.

ஒலிக்காக வைத்துக்கொள்ளலாம், ஐந்துக்கு மூன்று. பொருளுக்கு எடுத்துக்காட்டு தரும் வேறோர் அகராதியையும் பக்கத்தில் வையுங்கள். நண்பர் அந்த வரியை அடித்துவிட்டு, மணப்பெண் ஊருக்கு வந்த சாலை சீனிக் என்று மாற்றி எழுதியிருக்கிறார்.