ஒரே மன்னன், பல முகங்கள்

ரோமானிய நாணய முகங்களை ஒப்பிட எனக்குப் பிடித்த இடம், அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டி நடத்தும் 'ஓக்ரே' தரவுத்தளம். கட்டணம் கிடையாது. அகஸ்டஸ் முதல் 491-ல் இறந்த ஸீனோ வரை, மன்னர், நாணயச்சாலை, உலோகம் என்று வடிகட்டித் தேடலாம்.

நீரோவை எடுத்துப் பாருங்கள். கி.பி. 54-ல் தாய் அக்ரிப்பினாவுக்கு எதிரே, மெல்லிய கழுத்துள்ள பையன். 64-க்குப் பிறகு முகவாய்க்குக் கீழே சதை மடிந்து, கழுத்து தடித்து, நெற்றிமுடி அடுக்கடுக்காய்ச் சுருண்டு, வேறு ஆளோ என்று தோன்றும். எந்தச் செதுக்குநரும் அதை மறைக்கவில்லை, அதுதான் என்னைக் கட்டிப்போடுகிறது! மாக்சிமினஸ் த்ராக்ஸ் என்ற மன்னரும் அப்படித்தான்: 235-ல் அடக்கமாக இருந்த தாடை, பிந்தைய டெனாரியஸ் எனும் வெள்ளி நாணயங்களில் துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்புறம் டயோக்ளீஷியன் காலம். சதுரத் தலை, ஒட்ட வெட்டிய தாடி. எழுத்தைப் படிக்காமல் அவரையும் கூடவே ஆண்ட மாக்சிமியனையும் பிரித்தறிவது கஷ்டம்.

ஓக்ரேயில் எல்லா நாணய வகைக்கும் படம் இல்லை. பெர்லின், பிரிட்டிஷ் மியூசியம் சேகரிப்புப் படங்கள் இருக்கும் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். பெரிதாக்கினால் மயிரிழைகூடத் தெரியும்.